இரண்டு கோடுகள் வெட்டினால் ரயில்கள் சந்திக்குமா?

ஒரு தாளில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஒவ்வொரு கோடும் ஒரு ரயில். கிடை அச்சில் நேரம். வெட்டும் இடத்தில் என்ன நடக்கிறது?

பெரும்பாலானவர்கள் உடனே சொல்லும் பதில்: "ரெண்டு ரயிலும் அங்கே சந்திக்குது." நான் கேட்கும் எதிர்க்கேள்வி ஒன்றே ஒன்று: செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது? அங்கே 'இடம்' என்று இருந்தால் பதில் சரி. 'திசைவேகம்' என்று இருந்தால், அந்த வெட்டுப்புள்ளிக்கும் சந்திப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு ரயில் தென்காசியிலும் இன்னொன்று திருநெல்வேலியிலும் இருக்கும்போதுகூட அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளலாம்.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இயக்கவியல் பாடம் வந்ததும் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். என் அக்கா மகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக எடுத்த குறிப்புகளைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ப்பக்கமே இதற்கு நல்ல ஆய்வுக்கூடம். ஒற்றை ரயில் பாதை இருக்கிறது, மலை இருக்கிறது, அருவியும் இருக்கிறது.

ஒரு பரிமாணம் என்றால் நேர்கோடு அல்ல

'ஒரு பரிமாண இயக்கம்' என்றதும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேரான சாலை வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு எண் போதும் என்றால், கணக்குக்கு அது ஒரு பரிமாணம்தான். ரயில் தண்டவாளம் இதற்கு அருமையான உதாரணம். பாதை எப்படி வளைந்தாலும் "இத்தனையாவது கிலோமீட்டரில் நிற்கிறது" என்றால் வேலை முடிந்தது. தண்டவாளத்தின் ஓரத்தில் நட்டிருக்கும் கிலோமீட்டர் கல்லே நம் அச்சு.

தென்காசி ஜங்ஷனை 0 என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலி பக்கம் கூட்டல். அங்கிருந்து திருநெல்வேலி சுமார் 72 கி.மீ., ஆகவே அது +72. எதிர்ப்பக்கம் செங்கோட்டை சுமார் 8 கி.மீ., ஆகவே அது −8.

செங்கோட்டையில் கிளம்பி திருநெல்வேலி போகும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது அதன் இடம் −8. ஆனால் ஓடுவது கூட்டல் திசையில், எனவே திசைவேகம் கூட்டல். இடம் கழித்தல், திசைவேகம் கூட்டல். இது எப்படி என்று குழம்புகிறவர்கள் உண்டு. இடத்தின் குறி 'தென்காசிக்கு எந்தப் பக்கம் இருக்கிறாய்' என்பதற்குப் பதில். திசைவேகத்தின் குறி 'எந்தப் பக்கம் பார்த்து ஓடுகிறாய்' என்பதற்குப் பதில். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இந்த வண்டியின் இடக்கோடு தென்காசியில் பூச்சியத்தைத் தாண்டும். அதற்காக வண்டி அங்கே திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. ஊரைக் கடந்து போகிறது, அவ்வளவுதான். திசைவேகக் கோடு பூச்சியத்தைத் தாண்டிக் கீழே போனால் மட்டுமே வண்டி நின்று, வந்த வழியே திரும்புகிறது.

வரைபடம் படம் அல்ல

அடுத்து, தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ஒரு ஷேர் ஆட்டோ. தூரம் சுமார் 5 கி.மீ. எண்கள் நான் கணக்குக்காகப் போட்டவை:

முதல் 8 நிமிடத்தில் 3.2 கி.மீ. பிறகு சீசன் நெரிசலில் 4 நிமிடம் அசையாமல் நிற்கிறது. அடுத்த 6 நிமிடத்தில் மீதி 1.8 கி.மீ. குற்றாலத்தில் ஆள் ஏற்ற 10 நிமிடம். திரும்பும்போது சாலை காலி, 10 நிமிடத்தில் தென்காசி.

இதை இடம்–காலம் வரைபடமாகப் போடுங்கள். கோடு ஏறும், கொஞ்சம் தட்டையாக ஓடும், மறுபடி ஏறும், உச்சியில் தட்டையாக நிற்கும், பிறகு சரேலென்று இறங்கும். பார்க்க அச்சு அசலாக ஒரு மலை. குற்றாலம் மலையடிவாரம் வேறு! "ஆட்டோ மலை ஏறி, உச்சியில் நின்று, இறங்குது" என்று யாராவது சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது முழுக்கத் தவறு. அந்தக் கோட்டில் உயரத்தைப் பற்றிய தகவல் எதுவுமே கிடையாது. மேலே போவது என்றால் தென்காசியிலிருந்து விலகிப் போவது. கீழே வருவது என்றால் தென்காசிக்குத் திரும்பி வருவது.

வரைபடத்தை நிலக்காட்சியாகப் படிக்கும் இந்தப் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லிலியன் மெக்டெர்மாட்டும் சக ஆய்வாளர்களும் 1987-இல் இதைப் பற்றி எழுதினார்கள். 1994-இல் ராபர்ட் பைக்னர் இயக்க வரைபடங்களுக்கென்றே ஒரு தேர்வை வடிவமைத்து, அதன் முடிவுகளை 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் வெளியிட்டார். அவர் பட்டியலிட்ட குழப்பங்களில் முக்கியமானவை மூன்று: வரைபடத்தைப் படமாகப் பார்ப்பது, சாய்வைக் கேட்டால் உயரத்தைச் சொல்வது, பரப்பைக் கேட்டால் சாய்வையோ உயரத்தையோ சொல்வது.

இந்தக் குழப்பத்துக்கு நம்மூரில் ஒரு நல்ல மருந்து உண்டு. செங்கோட்டையைத் தாண்டி புனலூர், கொல்லம் போகும் மலைப்பாதை. 1904-இல் பயணிகள் ரயிலுக்குத் திறந்த மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதையாகி 2018-இல் முழுமையாக மீண்டும் ஓடத் தொடங்கியது. தென்காசிப் பக்கம் சமவெளியில் வண்டி வேகமாக ஓடும். அங்கே இடக்கோடு செங்குத்தாக எழும். பகவதிபுரம் தாண்டி மலையில் ஏற ஆரம்பித்ததும் வேகக் கட்டுப்பாடு வந்துவிடும்; கோடு படுத்துவிடும். அதாவது நிஜத்தில் தரை ஏறுகிற இடத்தில் வரைபடத்தில் கோடு தட்டையாகிறது. மலையையும் கோட்டையும் ஒன்றென்று நினைக்கும் பழக்கம் இந்த ஒரு பாதையிலேயே உடைந்துவிடும்.

சாய்வும் பரப்பும்

இடம்–காலம் கோட்டின் சாய்வுதான் திசைவேகம். ஷேர் ஆட்டோவுக்கே போட்டுப் பார்க்கலாம்.

முதல் பகுதி: 8 நிமிடத்தில் 3.2 கி.மீ., அதாவது மணிக்கு +24 கி.மீ.
நெரிசல்: 0.
இரண்டாம் பகுதி: 6 நிமிடத்தில் 1.8 கி.மீ., மணிக்கு +18 கி.மீ.
காத்திருப்பு: 0.
திரும்புதல்: 10 நிமிடத்தில் 5 கி.மீ., எதிர்த்திசையில். மணிக்கு −30 கி.மீ.

இந்த எண்களை வைத்துத் திசைவேகம்–காலம் வரைபடம் வரைந்தால் மலை காணாமல் போய்விடும். படிக்கட்டு மாதிரி சில தட்டைக் கோடுகள் மட்டும்: 24-இல் ஒன்று, 0-இல் ஒன்று, 18-இல் ஒன்று, மறுபடி 0, கடைசியாக அச்சுக்குக் கீழே −30-இல் ஒன்று. ஒரே பயணம்தான், ஆனால் இரண்டு படங்களுக்கும் முகஜாடைகூட ஒத்துப்போகாது. கவனியுங்கள்: முதல் வரைபடத்தில் தட்டைக் கோடு என்றால் ஆட்டோ நிற்கிறது. இரண்டாவதில் தட்டைக் கோடு என்றால் வேகம் மாறாமல் ஓடுகிறது.

இரண்டாவதிலிருந்து முதலாவதுக்குத் திரும்பிப் போக வழி, பரப்பு. ஒவ்வொரு செவ்வகத்தின் பரப்பும் அந்த நேரத்தில் ஏற்பட்ட இடப்பெயர்ச்சி. 24 × 8/60 = 3.2. 18 × 6/60 = 1.8. −30 × 10/60 = −5. கூட்டினால் பூச்சியம், ஆட்டோ கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டது. குறியை விட்டுவிட்டுக் கூட்டினால் 10 கி.மீ.; பெட்ரோல் செலவானது இந்தப் பத்துக்கு. மொத்தம் 38 நிமிடம் என்பதால் சராசரி வேகம் மணிக்கு 15.8 கி.மீ. சராசரித் திசைவேகம் பூச்சியம். "ஆட்டோக்காரர் 38 நிமிஷம் ஓட்டியிருக்காரு, சராசரி பூச்சியமா?" என்று கேட்டால், ஆமாம், திசையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அதுதான் உண்மை.

வேகத்தைச் செங்குத்து உயரமாக வரைந்து, பரப்பைத் தூரமாகப் படிக்கும் யோசனை மிகவும் பழையது. 14-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் நிக்கோல் ஒரேம் இப்படி வரைந்து விளக்கினார். கலிலியோ தன் கடைசிப் பெரிய நூலை வெளியிட்டது 1638-இல். நுண்கணிதம் வருவதற்கு முன்பே இந்தப் படம் வந்துவிட்டது.

என் தொழில்மொழியில் சொன்னால், திசைவேக வரைபடம் ஒரு 'டிஃப்' கோப்பு. எது எவ்வளவு மாறியது என்று எல்லாம் இருக்கும். ஆனால் மூலக் கோப்பு கையில் இல்லாமல் டிஃப்பை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கோப்பை மீட்க முடியாது. அதே மாதிரி, எங்கிருந்து கிளம்பியது என்ற ஓர் எண் திசைவேக வரைபடத்தில் இருக்கவே இருக்காது. மேலே சொன்ன படிக்கட்டுப் படத்தை மட்டும் பார்த்தால், அந்த ஆட்டோ தென்காசியில் ஓடியதா திருச்சியில் ஓடியதா என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஒற்றைப் பாதையில் வெட்டும் கோடுகள்

திருநெல்வேலி–தென்காசி பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று தாண்ட வேண்டுமானால், கூடுதல் தண்டவாளம் உள்ள ஒரு ஸ்டேஷனில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். "கிராசிங்" என்று நாம் வண்டிக்குள் உட்கார்ந்து சலித்துக்கொள்வோமே, அதுதான்.

இந்தக் கிராசிங்கைத் திட்டமிட ரயில்வேக்காரர்கள் பயன்படுத்துவது இடம்–காலம் வரைபடமேதான். கிடையாக நேரம், செங்குத்தாக ஸ்டேஷன்கள், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாய்ந்த கோடு. பாரிஸ்–லியோன் பாதைக்கு இப்படி வரைந்த அட்டவணை, 19-ஆம் நூற்றாண்டில் எத்தியென் ழூல் மாரேயின் நூல் வழியாகப் பிரபலமானது. கட்டுப்பாட்டு அறைகளில் பென்சிலும் ஸ்கேலுமாக வரைந்த காலம் போய், இப்போது கணினித் திரையில் வருகிறது. ஆனால் கோடு அதே கோடுதான்.

எண்கள் போட்டுப் பார்ப்போம். இவையும் கணக்குக்காகத்தான், நிஜ அட்டவணையில் தேடாதீர்கள். காலை 6 மணிக்குத் தென்காசியில் ஒரு வண்டி கிளம்புகிறது, அதே 6 மணிக்குத் திருநெல்வேலியில் ஒரு வண்டி. இரண்டும் மணிக்கு 48 கி.மீ., இடையில் நிற்காமல். ஒரு கோடு 0-இல் தொடங்கி மேலே ஏறும், இன்னொன்று 72-இல் தொடங்கிக் கீழே இறங்கும். இரண்டும் வெட்டுவது 6:45-க்கு, 36-ஆவது கிலோமீட்டரில். அந்த இடத்தில் ஸ்டேஷன் இல்லை என்றால்? ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர். இந்த வரைபடத்தில் வெட்டுப்புள்ளி என்றால் ஒரே நேரத்தில் ஒரே இடம். அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

எனவே திட்டமிடுபவர் வெட்டுப்புள்ளியை ஒரு ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டும். 30-ஆவது கிலோமீட்டரில் அப்படி ஒரு ஸ்டேஷன் இருப்பதாகக் கொள்வோம். தென்காசி வண்டி அங்கே வந்து சேர்வது 37½ நிமிடத்தில். திருநெல்வேலி வண்டி 42 கி.மீ. ஓடி அங்கே வர 52½ நிமிடம். ஆக, தென்காசி வண்டி 15 நிமிடம் நிற்க வேண்டும். வரைபடத்தில் 30-க்கு நேராக 15 நிமிட நீளத்தில் ஒரு தட்டைக் கோடு. அந்தத் தட்டைக் கோட்டின் முனையில் எதிர்வண்டியின் கோடு வந்து தொடுகிறது. வெட்டுப்புள்ளி இப்போது பாதுகாப்பான இடத்தில்.

திருநெல்வேலி வண்டி 10 நிமிடம் தாமதமாகக் கிளம்பினால்? அதன் கோடு சாய்வு மாறாமல் அப்படியே வலதுபக்கம் நகரும். தட்டைக் கோடு 25 நிமிடமாக நீளும். ஒரு வண்டியின் தாமதம் எதிர்வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தொற்றுகிறது என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. ஒன்று சொல்லிவிட வேண்டும்: மோதலைத் தடுக்கும் கடைசிக் காவல் இந்தத் தாள் அல்ல. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மட்டுமே அனுமதி தரும் பிளாக் முறையும் சிக்னல்களும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. வரைபடம் திட்டம் போடுவதற்கு.

இப்போது அதே இரண்டு வண்டிகளைத் திசைவேக வரைபடத்தில் போடுங்கள். தென்காசி வண்டி +48-இல் ஒரு தட்டைக் கோடு, நிற்கும்போது 0, மறுபடி +48. திருநெல்வேலி வண்டி முழுக்க −48. இரண்டு கோடுகளும் எங்கேயும் தொடவே இல்லை! வண்டிகள் ஒரே ஸ்டேஷனில் பக்கத்துப் பக்கத்தில் தாண்டிப் போயிருக்கின்றன, ஆனால் இந்த வரைபடத்துக்கு அது தெரியாது. இன்னொரு பக்கம், தென்காசி வண்டி கிராசிங்குக்காக நிற்கும் அதே நேரத்தில் திருநெல்வேலி பிளாட்பாரத்தில் வேறொரு வண்டி கிளம்பாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் திசைவேகமும் பூச்சியம். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும். நடுவில் 42 கி.மீ. தூரம்.

சந்தித்த வண்டிகளின் கோடுகள் தொடவில்லை. சந்திக்காத வண்டிகளின் கோடுகள் ஒட்டிக்கிடக்கின்றன. திசைவேக வரைபடத்தில் வெட்டுப்புள்ளி சொல்வது 'இந்த நொடியில் இரண்டுக்கும் திசைவேகம் ஒன்று' என்பதை மட்டுமே.

அருவியின் கோடு

இதுவரை வேகம் மாறாத துண்டுகளாகவே பார்த்தோம். வேகம் தொடர்ந்து மாறினால் இடக்கோடு வளையும். இதற்குக் குற்றாலம் பேரருவி.

அருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். கீழ்நோக்கியதைக் கூட்டலாக வைப்போம். காற்றையும் பாறையையும் மறந்துவிட்டு, தண்ணீர் ஓய்விலிருந்து நேராக விழுவதாகக் கணக்கிட்டால் 3.5 நொடியில் கீழே வரும்; அப்போது வேகம் நொடிக்கு 34.3 மீட்டர், மணிக்கு 120 கி.மீ.-க்கு மேல். திசைவேக வரைபடம் ஒரு நேரான சாய்கோடு. அதன் சாய்வு முடுக்கம், 9.8. அடியில் உள்ள முக்கோணத்தின் பரப்பு ½ × 3.5 × 34.3 = 60. இடம்–காலம் வரைபடமோ முதலில் சோம்பலாகத் தொடங்கி, போகப்போகச் செங்குத்தாகும் வளைகோடு.

அந்த வேகத்தில் தண்ணீர் தலையில் விழுந்தால் யாரும் அடியில் நின்று குளிக்க முடியாது. நிஜத்தில் தண்ணீர் ஒரே தாவலில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்ற பாறைக்குழியில் விழுந்து, பொங்கி, பிறகு பாறையைத் தழுவிக்கொண்டு இறங்குகிறது. எளிமைக்காக 30, 30 மீட்டராக இரண்டு தாவல் என்று வைப்போம். திசைவேகம் பூச்சியத்திலிருந்து நொடிக்கு 24.2 மீட்டர் வரை ஏறி, குழியில் சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்து, மறுபடி 24.2 வரை ஏறும். ரம்பப் பல் மாதிரி இரண்டு முக்கோணங்கள். ஒவ்வொன்றும் 2.47 நொடி.

மொத்த நேரம் 3.5-இலிருந்து 4.9 நொடிக்கு மேல் நீண்டுவிட்டது. உச்ச வேகம் குறைந்துவிட்டது. ஆனால் இரண்டு முக்கோணங்களின் பரப்பையும் கூட்டினால் அதே 60. அருவியின் உயரம் மாறவில்லையே, பரப்பு எப்படி மாறும்? இரண்டு பற்களின் சாய்வும் அதே 9.8. பல்லின் செங்குத்தான பின்பக்கம்தான் தண்ணீர் பாறையில் அறையும் கணம். சாய்வு அங்கே பிரம்மாண்டமாக இருக்கிறது. மோதலின் பலம் வரைபடத்தில் ஒளிந்திருப்பது அந்தச் செங்குத்தில்.

கையோடு ஒரு கணக்கு

கடைசியாக, நீங்களே போட்டுப் பார்க்க ஒன்று. குற்றாலம் சாலையில் ஒரு பைக் நிற்கிறது. நொடிக்கு 8 மீட்டர் மாறா வேகத்தில் வரும் ஷேர் ஆட்டோ அதைத் தாண்டும் அதே கணத்தில் பைக் கிளம்புகிறது. முடுக்கம் நொடிக்கு நொடி 1 மீட்டர். திசைவேக வரைபடத்தில் ஆட்டோ ஒரு தட்டைக் கோடு, பைக் ஒரு சாய்கோடு. 8-ஆவது நொடியில் வெட்டிக்கொள்கின்றன. பைக் ஆட்டோவைப் பிடித்துவிட்டதா?

பரப்பைப் பாருங்கள். 8 நொடியில் ஆட்டோ 64 மீட்டர் போயிருக்கிறது, பைக் 32. கோடுகள் வெட்டும் அந்த நொடியில்தான் பைக் மிக அதிகமாகப் பின்தங்கியிருக்கிறது. அதுவரை ஆட்டோ வேகமானது, இடைவெளி வளர்ந்துகொண்டே வந்தது. அதற்குப் பிறகுதான் பைக் வேகமானது, இடைவெளி சுருங்கத் தொடங்குகிறது. பிடிப்பது 16-ஆவது நொடியில், 128-ஆவது மீட்டரில். செவ்வகமும் முக்கோணமும் பரப்பில் சமமாகும்போது. அந்த நேரத்தில் திசைவேகக் கோடுகள் 8-க்கும் 16-க்கும் விலகி, வெகுதூரத்தில் நிற்கின்றன.

என் அக்கா மகளிடம் சொன்னது இதுதான்: கோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் செங்குத்து அச்சில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படி. 'இடம்' என்றால் சாய்வைக் கேள். 'திசைவேகம்' என்றால் பரப்பையும் கேள், எங்கிருந்து கிளம்பியது என்றும் கேள். அதற்கப்புறம் கோடுகள் வெட்டட்டும்.